பத்து வெள்ளி கூடுதல்: யாருக்கு லாபம்?

"செக்ரோலில் பேர் இருந்து என்ன கண்டோம்? காண்டிராக்டில் போனால் நாளுக்குப் பத்து வெள்ளி கூடக் கிடைக்கிறதே!"

தோட்டத்து இளைஞர்கள் இப்படிப் பேசுகிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. மோட்டார் சைக்கிள் தவணை, பிள்ளையின் பள்ளிச் செலவு, கடைப் பாக்கி என்று நெருக்கும்போது கையில் விழும் காசுதான் கண்ணுக்குத் தெரியும். ஆனால், தோழர்களே, நாள் கணக்கை விட்டு ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தோமா?

2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாயிற்று. வாரம் ஆறு நாள் வேலையென்றால் நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. அதற்கு மேல் காண்டிராக்டர் பத்து வெள்ளி தருகிறார் என்றே வைத்துக்கொள்வோம். மழை நாளும் மரம் இலையுதிர்க்கும் காலமும் போக, ஆண்டில் 240 நாள் பால் வெட்டினால் கூடுதல் வரவு 2,400 வெள்ளி.

இப்போது ஊழியர் சேமநிதியைப் பாருங்கள். 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு முதலாளி கட்டவேண்டிய பங்கு நூற்றுக்கு 13. மாதம் 221, ஆண்டுக்கு 2,652 வெள்ளி. காண்டிராக்டரும் சட்டப்படி கட்டவேண்டியவர்தான். கட்டாமல் விட்டாரானால், அவர் தந்த பத்து வெள்ளி அவருடைய பணமா, உங்களுடைய பணமா?

லீவுச் சம்பளம் இன்னும் பாக்கி இருக்கிறது. ஐந்தாண்டு நிறைந்தவருக்கு ஆண்டு லீவு 16 நாள், நோய் லீவு 22 நாள், பொது விடுமுறை 11 நாள். நாள் சம்பளத் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாள் வேலை கொடுக்கவேண்டும், கொடுக்க முடியாவிட்டால் அந்த நாளுக்கும் சம்பளம் தரவேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. காண்டிராக்டர் வாயிலிருந்து இந்தப் பிரிவின் பேரை யாராவது கேட்டதுண்டா?

எல்லாவற்றையும்விடப் பெரியது தோட்டத்தை விற்கும் நாளில் தெரியும். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, நம் பெரியவர்கள் சட்டி பானையோடு சாலையில் நின்றார்கள். அன்று அவர்களுக்குப் பேச ஒரு சட்டம் இல்லை. 1980-ல் வந்த வேலைநீக்க நஷ்டஈட்டு விதிப்படி இன்று ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் உண்டு. பத்தாண்டுக்காரருக்கு 200 நாள், அதாவது 13,000 வெள்ளிக்கு மேல். ஆனால் வேலை தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். இடையில் நின்ற நாட்களைக் கூட்டினால் முப்பதைத் தாண்டக்கூடாது. "மரத்துக்கு ஓய்வு, நாற்பது நாள் கழித்து வா" என்று காண்டிராக்டர் சிரித்த முகத்தோடு சொல்வது எதற்கு என்று இப்போது புரிகிறதா? பழைய கங்காணி, ஆள் வேலைக்கு இறங்கினால் தலைக்காசு வாங்கினார். இவருக்கு ஆள் நின்றாலும் லாபம்!

எல்லாக் காண்டிராக்டரும் மோசக்காரர் என்று நாம் சொல்லவில்லை. முறையாகச் சேமநிதி கட்டி, சொக்சோ கட்டி, சீட்டுக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சொற்பம் பேர். இன்னொன்று: அந்தக் கும்பலில் வரும் இந்தோனேசியத் தோழரும் வங்காளதேசத்துத் தம்பியும் நமக்கு எதிரிகள் அல்லர். நம்மைவிட மோசமாக ஏமாற்றப்படுகிறவர்கள் அவர்கள்தாம்.

நாம் கேட்பது இதுதான்: ஆண்டு முழுதும் நடக்கும் வேலையான பால் வெட்டை நிர்வாகம் தன் செக்ரோலிலேயே வைத்துக்கொள்ளட்டும். வேலி கட்டுவது, மரம் சாய்ப்பது போன்ற முடிந்து போகும் வேலையைக் காண்டிராக்டில் விடட்டும்.

கிராணிமார்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கும் கடிதத்தில் ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள் இப்போது உங்களிலும் உண்டு. வேலையில் சேர்ந்த தேதி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதைத் தொழிலாளிக்கும் சொல்லுங்கள்.

ஏற்கெனவே காண்டிராக்டில் இருப்பவர்கள் சேமநிதிக் கணக்கைக் கைத்தொலைபேசியிலேயே மாதாமாதம் பார்த்துக்கொள்ளலாம். காண்டிராக்டர் சம்பளம் தராமல் ஓடினால் மூன்று மாதச் சம்பளம் வரை தோட்ட நிர்வாகமும் பொறுப்பு. ஆனால் சம்பளம் சேரவேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் தொழில் இலாகாவில் புகார் கொடுக்கவேண்டும். சம்பளச் சீட்டு இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். இல்லாதவர்கள் வேலை செய்த நாட்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் இன்றே எழுதத் தொடங்குங்கள்.