கிழங்குக்குள் பழுப்பு: தெளிக்கும் முன் அறுத்துப் பாருங்க

"வெளியே தோல் பளபளன்னு இருக்கு. அறுத்தா உள்ளே பழுப்புப் புள்ளியா இருக்கே, என்ன தெளிக்கலாம்?" உருளைக்கிழங்கு போடுற உழவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. எதையும் தெளிக்க வேண்டாம் என்பதுதான் என் பதில்.

ரசாயனக் கடையில் கேட்டால் பூஞ்சாணக்கொல்லி தருவாங்க. நம்ம ஆட்களைக் கேட்டால் பஞ்சகவ்யா, மீன் அமிலம், முட்டைக் கரைசல்னு அடுக்குறோம். குப்பி மாறியிருக்கு, எல்லாத்துக்கும் ஒரு மருந்து உண்டு என்கிற எண்ணம் மாறலை.

முதலில் பிரித்தறியணும். பத்துக் கிழங்கைக் குறுக்கே அறுங்க. தோலுக்குச் சற்று உள்ளே பழுப்பு வளையம் தெரிந்து, அழுத்தினால் பால்போலக் கசிந்தால் அது பாக்டீரியா வாடல். தோலிலிருந்து உள்நோக்கிச் செம்பழுப்பு இறங்கினால் பின்பருவக் கருகல். இரண்டும் நோய், அந்தக் கிழங்கை விதைக்கு எடுக்கவே கூடாது. தோல் சுத்தமா, சதை உறுதியா, நாற்றமில்லாமல், உள்ளே மட்டும் துருப்பிடித்த மாதிரி புள்ளிகள் சிதறிக் கிடந்தால், அது பெரும்பாலும் கிருமியால் வந்ததல்ல. வளரும்போது சூட்டிலும் தண்ணீர்ச் சீரின்மையிலும் கிழங்கு பட்ட பாடு அது. பக்கத்துக் கிழங்குக்கு ஒட்டாது.

கிழங்கு பெருக்க மண்சூடு 20 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. சமவெளியில் ஐப்பசியில் நட வேண்டியதைத் தள்ளிப்போட்டால், கிழங்கு திரளும் நேரம் மாசி வெயிலில் மாட்டிக்கும். காயவிட்டு காயவிட்டுத் தண்ணீர் கட்டினாலும் இதே கதைதான். காய்ச்சலுக்குப் பிறகு திடீர்னு நீரும் தழைச்சத்தும் கிடைத்தால் கிழங்கு வேகமா ஊதி, நடுவில் பொந்து விழும். நீர் தேங்கிக் காற்றில்லாமல் போனாலோ, தார்ப்பாய் போட்டு மூடிய மூட்டைகள் வெயிலில் புழுங்கினாலோ நடுச்சதை கருத்துப்போகும்.

சுண்ணாம்புச் சத்துக்குன்னு இலையில் முட்டைக் கரைசல் தெளிக்கிறோமே, அது ஏன் கிழங்கைக் காப்பாற்றாது? அந்தச் சத்து வேர் உறிஞ்சும் நீரோடு இலைக்குத்தான் ஏறும். இலைக்குப் போனது கிழங்குக்குத் திரும்பி இறங்காது. கிழங்கையும் அதன் காம்பையும் ஒட்டிய சிறுவேர்கள்தான் அதற்கு ஊட்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியதும் இதைத்தான். ஆகவே சத்து கிழங்கைச் சுற்றியுள்ள மண்ணில் இருக்கணும். மண் பரிசோதனையில் குறை தெரிந்தால், மண் அணைக்கும்போது பாரில் இயற்கை ஜிப்சம் இடலாம். நீலகிரி மாதிரி புளிப்பு மண்ணில் சுண்ணாம்பை அள்ளிப் போட்டால் சொறி நோய் கூடும். ஜிப்சத்தில் அந்தத் தொல்லை குறைவு.

இதில் பணம் மட்டுமா போகுது? மண்டியில் நாலு கிழங்கை அறுத்துப் பார்த்து, பழுப்பு தெரிந்தால் மொத்த லோடுக்கும் விலையைக் குறைக்கிறாங்க. "இயற்கை விவசாயம்னா இப்படித்தான்"னு ஒரு பேச்சு வேற. ரசாயனத் தோட்டத்திலும் இதே பழுப்பு வருது என்பதைக் காரணத்தோடு நாம் சொல்லணும். சொல்லத் தெரியாமல் கரைசலை மாற்றி மாற்றித் தெளித்தால், அந்தப் பேச்சை நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிடும்.

இதற்கான வேலை நம்ம கையிலேயே இருக்குங்க. பட்டம் தவறாமல் நடுங்க. மூடாக்குப் போட்டு மண்ணைக் குளிர வைங்க. கிழங்கு திரளும்போது ஈரம் ஏறி இறங்காமல் பாருங்க. அறுவடை முடிந்ததும் மூட்டைகளை நிழலில், காற்றோட்டமா அடுக்குங்க. அறுவடையன்று வயலின் நாலு மூலையிலும் பத்துப் பத்துக் கிழங்கை அறுத்து, எந்தப் பக்கம் எத்தனை பழுப்புன்னு நோட்டில் எழுதி வைங்க. அடுத்த போகத்துக்கு எந்த மூலையில் தண்ணீரைச் சரிசெய்யணும், எங்கே மூடாக்கைக் கூட்டணும்னு அந்த நோட்டு சொல்லிடும்.