தொட்டியில் வெள்ளரி

தென் மாவட்டங்களில் வெள்ளரி என்பது கண்மாய் தந்த கொடை. தண்ணீர் வற்றியதும், உள்வாய் ஈரத்திலே விதையை ஊன்றுவார்கள். கோடையில் கூடை கூடையாகப் பிஞ்சு வந்து இறங்கும்.

இன்று பல கண்மாய்கள் மண்மேடிட்டுவிட்டன. சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கிறது. பிஞ்சை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

வீட்டிலேயே தொட்டியில் வளர்த்தால் என்ன?

"குடிநீரையே குடம் குடமாக எண்ணிச் செலவிடும் அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில் வெள்ளரிக் கொடியா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கொடிக்குக் குடிநீர் தேவையில்லை. அரிசி களைந்த நீரும், காய்கறி கழுவிய நீரும் போதும். இரண்டு கொடிகளை அவை காப்பாற்றிவிடும். சோப்பு நீர் மட்டும் கூடாது.

தமிழக அரசு 2021 டிசம்பரில், 900 ரூபாய் பெறுமான மாடித்தோட்டத் தளையை மானியத்தில் 225 ரூபாய்க்குக் கொடுக்கத் தொடங்கியது. பை, விதை, தென்னை நார்க் கழிவு எல்லாம் அதில் இருந்தன. நல்ல ஏற்பாடு. அது கிடைக்காதவர்களுக்கு ஓட்டை வாளியே போதும். ஓர் அடி ஆழம் இருக்க வேண்டும். அடியில் துளை வேண்டும்.

கரிசல் மண்ணை அப்படியே நிரப்பக் கூடாது. நனைந்தால் சேறாகும், காய்ந்தால் வெடிக்கும். மணலும் மக்கிய சாண எருவும் சரிபாதி கலக்க வேண்டும். மேலே சருகைப் பரப்பினால் ஈரம் நிற்கும்.

காலம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, தை பிறந்ததும் விதைக்கலாம். சுமார் 45 நாளில் பிஞ்சு பறிக்கலாம். சித்திரை வெயிலில் விதைத்தால் ஆண் பூக்களே மிகுந்து, காய் குறையும். ஒரு நாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்று தண்ணீர் விட்டால் காய் கசக்கும். அளவாக, நாள்தோறும் விட வேண்டும்.

தேனீ வராத மாடியில், காலையில் ஆண் பூவைப் பறித்து, அடியில் குட்டிப் பிஞ்சுள்ள பெண் பூவில் தடவினால் போதும்.

ஒன்றை மறக்கக் கூடாது. தொட்டி ஒருநாளும் கண்மாய்க்கு ஈடாகாது. வீட்டுக்காரர் வாளியில் விதை ஊன்றட்டும். அதிகாரிகள் கண்மாயைத் தூர்வாரட்டும். இரண்டும் நடந்தால்தான் இந்த வறண்ட சீமையில் பிஞ்சு மலியும்.