ஒரு ஃபேஸ் போனாலும் மோட்டார் ஓடும்... ஆபத்தே அதில்தான்! காயில் கருகுவது ஏன்?

‘நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு, இன்னைக்குக் காயில் போயிடுச்சு.’ மோட்டார் ரீவைண்டிங் கடைகளில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் அதிகமான விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. போர்வெல்லுக்குள் இருக்கும் நீர்மூழ்கி மோட்டார் எரிந்தால், காயில் கட்டும் கூலியோடு செலவு முடியாது. குழாயோடு மேலே தூக்கி, மறுபடி இறக்க வேண்டும். அதுவரை பயிருக்குத் தண்ணீர் கிடையாது.

ஒரு ஃபேஸ் போனால் என்ன நடக்கும்?

மும்முனை மின்சாரத்தில் மூன்று ஃபேஸ்களும் சுமையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஃபியூஸ் போனாலோ, ஒரு கம்பி அறுந்தாலோ, ஸ்டார்ட்டரில் ஒரு கான்டாக்ட் கருகினாலோ ஒரு ஃபேஸ் காணாமல் போகும். இதுதான் ‘சிங்கிள் ஃபேஸிங்’.

அப்போது நின்றிருக்கும் மோட்டார் கிளம்பாது. உறுமிக்கொண்டே பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரோ பெரும்பாலும் நிற்காது. அதே சுமையை மீதி இரண்டு ஃபேஸ்கள் தாங்குவதால், கரண்ட் சுமார் 1.73 மடங்காகும். வெப்பம் கரண்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதாவது, சுமார் 3 மடங்கு சூடு. இன்சுலேஷன் கருகி, காயில் ஷார்ட் ஆகிவிடும்.

ஃபியூஸ் இருக்கே, போதாதா?

போதாது. ஷார்ட் சர்க்யூட்டைத் தடுப்பதுதான் ஃபியூஸின் முதல் வேலை. நேரடியாக ஸ்டார்ட் செய்யும்போது மோட்டார் 6 மடங்கு அளவுக்குக் கரண்ட் இழுக்கும். அதைத் தாங்கும் ஃபியூஸுக்கு 1.73 மடங்கு பெரிய விஷயமாகவே தெரியாது. மூன்றில் ஒரு ஃபியூஸ் மட்டும் போனால், சிங்கிள் ஃபேஸிங்கை உண்டாக்குவதே அதுதான்.

ஓவர்லோடு ரிலே எங்கே தவறுகிறது?

ரிலேவில் உள்ள உலோகப் பட்டை சூடானதும் வளைந்து, ஸ்டார்ட்டரை நிறுத்தும். ஆனால், செட்டிங் சரியாக இருக்க வேண்டும். 415 வோல்ட்டில் 7.5 எச்.பி. மோட்டாரின் முழுச்சுமைக் கரண்ட் சுமார் 11 ஆம்பியர். நேரடி ஸ்டார்ட்டர் என்றால் ரிலேவையும் அதே அளவில் வைக்கலாம். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே வழக்கமாகக் காயிலுக்குப் போகும் வழியில் இருக்கும். அங்கே 58%, அதாவது சுமார் 6.4 ஆம்பியர்தான். அதையும் 11-ல் வைத்தால், ரிலே இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பிரிவென்டர் எது நல்லது?

சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர், ஃபேஸ் போன சில நொடிகளில் மோட்டாரை நிறுத்திவிடும். இதில் வோல்ட்டேஜைப் பார்ப்பது, கரண்ட்டைப் பார்ப்பது என இரண்டு வகை உண்டு. ஓடும் மோட்டார், போன ஃபேஸிலும் தானே ஓரளவு வோல்ட்டேஜை உருவாக்கும். வோல்ட்டேஜை மட்டும் பார்க்கும் சாதாரண கருவி இதில் ஏமாறலாம். கரண்ட்டைப் பார்க்கும் வகைக்கு அந்தக் குழப்பம் இல்லை.

கழற்றி வைப்பது ஏன்?

மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கன்டென்சர் போட்டு, இரண்டு ஃபேஸில் மோட்டார் ஓட்டும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. தண்ணீர் பாய்ச்ச வேண்டிய அவசரம் அப்படி. அதற்கு இடைஞ்சல் என்று பிரிவென்டரைக் கழற்றினால், உண்மையிலேயே ஃபேஸ் போகும்போது தடுக்க எதுவும் இருக்காது.

‘அடிக்கடி டிரிப் ஆகுது’ன்னு ரிலே செட்டிங்கை ஏற்றுவதும் அதே கதைதான். டிரிப் ஆனால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாமல், மூன்று ஃபேஸிலும் கரண்ட் சமமா என்று வயர்மேனை டாங் டெஸ்டரில் பார்க்கச் சொல்வதே நல்லது. விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம்தான். எரிந்த மோட்டாரின் செலவு விவசாயி தலையில்தான்.