நீர்வீழ்ச்சிக்குப் போகும் பிள்ளைகளும் ஊர் போடும் தடையும்

லீவு விட்டாலே நமது ஊர் வட்ஸ்அப் குறூப்புகளில் ஒரே பேச்சுத்தான். "பொடியன்மார் பைக்கில ட்ரிப் போறத நிப்பாட்டணும்", "வாப்பாமார் பைக் திறப்ப வாங்கி வைக்கணும்", "பள்ளியில அறிவித்தல் போடணும்". எங்கேயாவது ஒரு பிள்ளை தண்ணீரில் மூழ்கிய செய்தி வந்தால் இந்தச் சத்தம் கூடும். ஒரு கிழமையில் அடங்கிவிடும். அடுத்த லீவுக்கு மீண்டும் தொடங்கும்.

உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு தினமும் பழகுகிற ஆசிரியர்கள் நாங்கள். எங்கள் கருத்தைத் தெளிவாகவே சொல்லி விடுகிறோம். இந்தத் தடையால் ஒரு பிள்ளையும் காப்பாற்றப்படப் போவதில்லை. பெரியவர்கள் கடமை முடிந்ததென்று நிம்மதியாகத் தூங்குவதற்குத்தான் அது உதவும்.

பெற்றோரின் பயம் நியாயமானது. அதை யாரும் கேலி செய்ய வேண்டாம். ஆனால் தடை போட்ட வீட்டில் என்ன நடக்கிறது? "உம்மா, ரியூஷனுக்குப் போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை சுபஹோடு வெளியேறுகிறான். எந்த வீதியால் போனான், எத்தனை பேர் போனார்கள், எப்போது திரும்புவான், ஒன்றும் வீட்டுக்குத் தெரியாது. பாதியில் டயர் வெடித்தாலும் வீட்டுக்குக் கோல் எடுக்கப் பயப்படுவான். ஏச்சு விழும் என்ற பயத்தில் எப்படியாவது இரவோடிரவாக ஊர் வந்து சேரப் பார்ப்பான். ஒளித்துப் போகிற பயணம்தான் ஆகவும் ஆபத்தான பயணம்.

நமது பிள்ளைகள் அதிகம் ஆசைப்படுகிற தியலும நீர்வீழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். 220 மீற்றர் உயரம். பம்பரகந்தைக்கு அடுத்து நாட்டிலேயே உயரமானது. கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஊடாகப் போகிற அதே ஏ4 வீதிதான் சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய தாண்டி அதன் அடிவாரத்தால் போகிறது. அக்கரைப்பற்றிலிருந்து 150 கிலோமீற்றருக்குக் குறையாது. போய் வர 300. ஒரே நாளில், பைக்கில்.

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று யாராவது பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியிருக்கிறோமா? நமது ஊர்கள் சமதரை. மலை இறக்கத்தில் பைக்கை நியூட்ரலில் விட்டால் பெற்றோல் மிச்சம் என்று நினைக்கிற பிள்ளைக்கு, சின்ன கியரில் இறங்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தது யார்? திரும்பி வரும்போது லாகுகலைக் காட்டு வீதியை மஃரிபுக்கு முன் தாண்டிவிட வேண்டும், இருட்டினால் அது யானை கடக்கிற இடம் என்று எத்தனை வாப்பாமார் சொல்லி அனுப்புகிறோம்? அசருக்குப் பிறகும் தண்ணீரில் நிற்கிறவன் அந்தக் காட்டை இரவில்தான் தாண்டுவான். நேரம் பார்த்துத் தண்ணீரை விட்டு வெளியேறுவதும் பழக்க வேண்டிய ஒன்று.

தண்ணீர் விடயம் இன்னும் பெரியது. சித்திரை லீவு, இடைப்பருவ இடிமழை பெய்கிற காலம். மார்கழி லீவு, வடகீழ்ப் பருவமழைக் காலம். நாம் குளிக்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டும். அந்தத் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் கீழே வந்துவிடும். தெளிந்த தண்ணீர் கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், செல்பியை விட்டுவிட்டு உடனே கரையேற வேண்டும். இது தெரிந்த பிள்ளை தப்புவான். தெரியாத பிள்ளையை எந்த அறிவித்தலும் காப்பாற்றாது.

ஜனாஸா வீட்டில் நாம் "கத்ர்" என்கிறோம். அது நமது ஈமான், அதில் பேச்சில்லை. ஆனால் ஹெல்மட் இல்லாமல், ஒரு பைக்கில் மூன்று பேராக, லைசன்ஸ் இல்லாத பிள்ளையிடம் திறப்பைக் கொடுத்து அனுப்பிவிட்டு, பிறகு கத்ர் என்று சொல்வது எந்த வகை தவக்குல்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று ஜும்ஆவில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்!

இன்னொன்று. கடலுக்கும் குளத்துக்கும் நடுவில் வாழ்கிற சமூகம் நாம். 2004 டிசம்பர் 26ஐக் கண்ணால் கண்ட கரை இது. இன்றைக்கும் நமது வகுப்பறைகளில் நீந்தத் தெரிந்தவர்கள் கை உயர்த்துங்கள் என்றால் எத்தனை கை உயரும்? பெண் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வெற்றிக் கிண்ணத்துக்கும் ஜேர்சிக்கும் காசு சேர்க்கிற கழகங்கள் நீச்சலுக்கு ஒரு சதம் ஒதுக்கியதுண்டா?

"நீந்தத் தெரிந்தவனும் மூழ்குகிறானே" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். அதனால்தான் கையடிக்கப் பழக்கினால் மட்டும் போதாது என்கிறோம். ஒருவன் வழுக்கி விழ, நீந்தத் தெரியாத கூட்டாளி பாசத்தில் பாய்ந்து இரண்டு பேரும் போவதுதான் ஆகப் பெரிய கொடுமை. பாயாதே, கயிறு எறி, மூடி இறுக்கிய வெறும் தண்ணீர்க் கேனை எறி, நீளமான கம்பை நீட்டு. இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு பின்னேரம் போதும்.

"பயணமே எதற்கு? வீட்டில் இருந்தால் என்ன?" என்பவர்களுக்கும் ஒரு பதில். புவியியல் புத்தகத்தில் மலைநாட்டைப் படிக்கிற பிள்ளை அதைக் கண்ணால் பார்க்கட்டும். கொஸ்லாந்தையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் தோட்டத்து மக்களோடு கதைக்கட்டும். மொனராகலையில் தெரிந்த சிங்களத்தில் வழி கேட்கட்டும். இந்த நாட்டில் நாம் யாரோடு வாழ்கிறோம் என்பதை நாலு சுவருக்குள் இருந்து படிக்க முடியாது.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பெற்றோரே, 18 வயதும் லைசன்ஸும் இல்லாத பிள்ளைக்குத் திறப்பைக் கொடுக்காதீர்கள். இருக்கிற பிள்ளையை இரண்டு ஹெல்மட்டோடு, போகும் இடமும் திரும்பும் நேரமும் கேட்டு, துஆச் செய்து அனுப்புங்கள். பள்ளி நிர்வாகங்களே, கழகங்களே, நமது கடற்கரையில் நன்றாக நீந்தத் தெரிந்த மீனவச் சகோதரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கொடுப்பனவு கொடுத்து அடுத்த லீவுக்கு முன் நீச்சல் வகுப்பொன்றைத் தொடங்குங்கள். பெண் பிள்ளைகளுக்கு வேறு இடம், வேறு நேரம், பெண் பயிற்றுநர் என்று ஒழுங்கு செய்யலாம். பிள்ளைகளைச் சேர்ப்பதும் பெயர் பதிவதும் எங்கள் பொறுப்பு. வகுப்பு நடக்கிற நாட்களில் நாங்களும் கரையில் நிற்போம்.

தடை கேட்டுக் கையொப்பம் சேர்க்கிற சகோதரர்களே, அந்தத் தாளின் தலைப்பை நீச்சல் வகுப்பு என்று மாற்றுங்கள். முதல் கையொப்பம் எங்களுடையதாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.