பாறையில் வெட்டிய எழுத்து

சென்ற ஆண்டு கோடையில் கனடாவில் மகள் வீட்டில் இருந்தபோது, ஏரிக்கரையில் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கலாம் என்றார் மருமகன். இந்த வயதில் தரையில் படுப்பதா என்று தயங்கினேன். இடத்தின் பெயர் போன் எக்கோ. பிரெஞ்சில் 'நல்ல எதிரொலி'. பிரெஞ்சில் படித்தவனாயிற்றே, 'போனெக்கோ' என்று சேர்த்துச் சொன்னேன். அங்கே ஒருவருக்கும் புரியவில்லை!

ஒன்டாரியோ மாகாண அரசின் பூங்கா அது. கரடி வரும் என்று சோற்றுப் பாத்திரத்தைக்கூடக் காருக்குள் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். கூடாரத்துக்கு எதிரே மாசினா ஏரி. தண்ணீரிலிருந்து நேராக 100 மீட்டர் எழும்பும் பாறைச் சுவர், ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு. அதன் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, அந்நாட்டுப் பூர்வகுடிகளின் முன்னோர் செங்காவியால் தீட்டிய 260க்கும் மேற்பட்ட உருவங்கள் இருக்கின்றன. படகில் போய்த்தான் பார்க்க வேண்டும். முயல் காதோடு ஓர் உருவம். அவர்கள் கதைகளில் வரும் நானபுஷ் என்கிறார்கள். பேரன் துடுப்பை நிறுத்திவிட்டான். நாங்கள் யாரும் பேசவில்லை.

அதே பாறையில் ஓரடி உயர ஆங்கில எழுத்துகளும் உண்டு. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் நூற்றாண்டுக்காக 1919இல் வெட்டியது. வெட்டச் செய்தவர் அப்போது அந்த இடத்துக்குச் சொந்தக்காரரான ஃப்ளோரா மெக்டொனால்ட் டெனிசன். பெண்களின் வாக்குரிமைக்குப் போராடியவர், நல்ல மனுஷி. விட்மன் மீதும் எனக்குக் குறை இல்லை. ஆனாலும் அது தவறு என்பதே என் கருத்து. ஒருவர் கும்பிடும் இடத்தில் இன்னொருவருக்குக் கல்வெட்டு எதற்கு? நினைவுச்சின்னம் வைக்க அந்தக் கரையில் இடமா இல்லை? அதற்காக இப்போது அதைச் செதுக்கி எடுக்கச் சொல்லவும் மாட்டேன். பாறைக்கு அது இரண்டாவது காயம்.

"யார் தாத்தா இப்படிச் செய்வாங்க?" என்று கேட்டான் பேரன்.

எனக்குச் செஞ்சிக் கோட்டை ஞாபகம் வந்தது. பள்ளிச் சுற்றுலாவில், காம்பஸ் முனையால், களஞ்சியச் சுவரில் என் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் கீறினேன். வாத்தியார் பார்த்துச் சிரித்தார், கண்டிக்கவில்லை. பத்து வருடம் கழித்துப் போனபோதும் அது அப்படியே இருந்தது.

பேரனிடம் அதைச் சொன்னேன். "அழிச்சிட்டீங்களா?" என்றான்.

"இல்லை. எல்லோருக்கும் காட்டினேன்" என்றேன்.