நாய்க்கு கல்லீரல் பாதிப்பா? ஈரல் வாங்கிக் கொடுத்தா சரியாகிடுமா?

வீட்டு நாய் ரெண்டு நாளாக சரியாகச் சாப்பிடவில்லை. வாந்தி, சோர்வு வேறு. ரத்தப் பரிசோதனையில் லிவர் என்சைம் அதிகம் என்று வந்துவிட்டது. அடுத்து பல வீடுகளில் நடப்பது என்ன? சிலர் மெடிக்கலில் லிவர் டானிக் வாங்குகிறார்கள். சிலர் கறியை அடியோடு நிறுத்திவிட்டு தயிர் சாதத்துக்கு மாறுகிறார்கள். இன்னும் சிலர் 'ஈரலுக்கு ஈரல்தான் மருந்து' என்று ஆட்டு ஈரலை வேகவைத்துக் கொடுக்கிறார்கள். மூன்றுமே நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால், கடைசியாகச் சொன்னது சில நாய்களுக்கு ஆபத்தாகவே முடியலாம்.

ஈரலில் என்ன சிக்கல்?

விலங்குகளின் உடலில் காப்பர், அதாவது தாமிரச் சத்து சேரும் முக்கிய இடம் கல்லீரல். ஆடு, மாடு ஈரலில் இது மிக அதிகம். கோழி ஈரலில் ஒப்பீட்டளவில் குறைவு. ஆரோக்கியமான நாய் தேவைக்கு அதிகமான காப்பரை பித்தம் வழியாக வெளியேற்றிவிடும். லாப்ரடார், டாபர்மேன் போன்ற இனங்களில் சில நாய்களுக்கு இந்த வேலை சரியாக நடக்காது. காப்பர் வருடக்கணக்கில் கல்லீரலிலேயே தேங்கி வீக்கத்தை உண்டாக்கும். வெளியே அறிகுறி தெரியும்போது பாதிப்பு முற்றியிருக்கும். நம்ம ஊரில் தெருவுக்கு ஒரு லாப்ரடார் இருப்பதால், இது ஏதோ வெளிநாட்டுப் பிரச்னை என்று ஒதுக்க முடியாது.

பாக்கெட் உணவிலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷாரன் சென்டர் உள்ளிட்ட கால்நடை மருத்துவர்கள், நாய் உணவில் காப்பர் அளவை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 2021-ல் எழுதினார்கள். அங்குள்ள விதிமுறையில் குறைந்தபட்ச அளவு இருந்ததே தவிர, உச்சவரம்பு இல்லை என்பதுதான் அவர்களின் புகார்.

அப்போ தயிர் சாதம் மட்டும் போதுமா?

போதாது. கல்லீரல் நோய் என்றாலே புரதத்தை நிறுத்த வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. பாதிக்கப்பட்ட கல்லீரல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள புரதம் வேண்டும். அது இல்லாவிட்டால் நாயின் தசை கரையும். ரத்தத்தில் அம்மோனியா ஏறி மூளையைப் பாதிக்கும் நிலையில்தான், அதாவது நாய் தடுமாறுவது, சுவரில் தலையை அழுத்தி நிற்பது போன்ற அறிகுறிகள் வந்தால்தான், புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். அப்போதும் அடியோடு நிறுத்துவதில்லை. கறிக்குப் பதில் முட்டை, பனீர், சோயா என்று மாற்றுவார்கள். ஒரே வேளையாக இல்லாமல் மூன்று, நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுப்பதும் உதவும். வயிற்றில் நீர் கோர்த்திருந்தால் உப்பையும் குறைக்க வேண்டும்.

டானிக், மாத்திரை பலன் தருமா?

நாய்களுக்கு அதிகம் எழுதப்படுபவை சிலிமரின், சேம்-இ, வைட்டமின் இ. இவை கல்லீரல் செல்களுக்குத் துணை நிற்பவை, அவ்வளவுதான். என்சைம் ஏறியதற்கான காரணத்தை இவை தொடாது. காரணம் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். ஸ்டீராய்டு மருந்து எடுக்கும் நாய்க்கும் ஏஎல்பி என்ற என்சைம் ஏறும். எலிக்காய்ச்சல் என்றால் உடனே ஆன்டிபயாடிக் தேவை. 'கீழாநெல்லி கொடுத்து நாலு நாள் பார்ப்போம்' என்று காத்திருந்தால், அந்த நாலு நாளில் சிறுநீரகமும் போய்விடக்கூடும். நாயின் சிறுநீர் மூலம் வீட்டு மனிதர்களுக்கும் இது தொற்றும்.

மனிதர்களுக்கான சிரப்பை அப்படியே ஊற்றுவதிலும் ரிஸ்க் இருக்கிறது. சர்க்கரை இல்லாத சில தயாரிப்புகளில் இனிப்புக்காக சேர்க்கப்படும் சைலிட்டால், நாயின் ரத்த சர்க்கரையை சட்டென்று இறக்கி கல்லீரலையே செயலிழக்க வைக்கும். உடம்பு சுடுகிறது என்று பாராசிட்டமால் கொடுப்பதும் கல்லீரலுக்குத்தான் அடி.

உணவுப் பையையும் பாருங்க

கெட்டுப்போன சோளம், வேர்க்கடலையில் வளரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உருவாக்கும். 2020 டிசம்பர் இறுதியில் அமெரிக்காவில் 'ஸ்போர்ட்மிக்ஸ்' நாய் உணவு இதனால்தான் திரும்பப் பெறப்பட்டது. அதைச் சாப்பிட்டு 110-க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகத்துக்குத் தகவல் வந்தது. வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுதாக அழியாது. மழைக்காலத்தில் ஈரம் பட்ட உணவுப் பையை, மேலே பூஞ்சை தெரியாவிட்டாலும் தூக்கிப் போட்டுவிடுவதே நல்லது.