மேட் இருக்கட்டும், முதலில் ஊசியைப் பாருங்கள்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அப்பா சேர்த்து வைத்த இசைத்தட்டுகளைக் கேட்பதற்காகப் பழைய டர்ன்டேபிள் ஒன்று வாங்கியிருக்கிறானாம். "சார், மேல போடற மேட் ரப்பரா, கார்க்கா, தோலா? எதை வாங்கலாம்?" என்று கேட்டான். இதையே இன்னும் இரண்டு பேர் கேட்டுவிட்டதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மேட்டுக்கு முக்கிய வேலை இரண்டு. இசைத்தட்டு வழுக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அடியில் இருக்கும் சுழல்தட்டின் அதிர்வை அடக்க வேண்டும். மேட்டை எடுத்துவிட்டு, சுழல்தட்டை விரலால் சுண்டிப் பாருங்கள். மணி மாதிரி ஒலித்தால் கனமான ரப்பர் மேட் நல்லது. ஃபெல்ட் துணி மேட் நிலைமின்சாரத்தால் இசைத்தட்டோடு ஒட்டிக்கொண்டு கூடவே எழுந்து வரும், தூசியையும் பிடித்து வைக்கும். கார்க்கில் அந்தத் தொல்லை குறைவு. டி.ஜே.க்கள் போடும் மெல்லிய ஃபெல்ட், வழுக்க வேண்டும் என்றே செய்தது. நமக்கு அது எதற்கு?

விலையைவிடத் தடிமனைப் பாருங்கள். ஊசி இருக்கும் கையின் நீளம் பெரும்பாலும் 23 செ.மீ. அளவில் இருக்கும். மேட் 4 மி.மீ. தடித்தால் அந்தக் கையின் சாய்வு ஒரு டிகிரி மாறும். பத்தாம் வகுப்பு டேன் தீட்டாதான், போட்டுப் பாருங்கள். கையை ஏற்றி இறக்கும் வசதி இல்லாத பிளேயர் என்றால் பழைய மேட்டின் தடிமனிலேயே வாங்குங்கள்.

இவ்வளவு கணக்குச் சொல்லும் வாத்தியார் என்ன செய்தேன் தெரியுமா?

இரண்டு வருடத்துக்கு முன் பாட்டில் ஒரு சீறல் வருகிறது என்று புலம்பினேன். அதைக் கேட்டு மாப்பிள்ளை ஆசையாக ஒரு தோல் மேட் வாங்கி வந்தார். சீறல் போகவில்லை. ரப்பருக்கு மாறினேன், கார்க் வாங்கினேன். இப்படியே ஆறு மாதம். ஒருநாள் என் மனைவியைத் திரும்பி உட்காரச் சொல்லி, மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டேன்.

"எனக்கு மூணும் ஒண்ணாத்தான் இருக்கு. எல்லாத்துலயும் 'ஸ' சீறுது. ஊசி எப்ப மாத்தினீங்க?" என்றார்.

வைர ஊசிக்கு ஆயுள் பொதுவாக 500 முதல் 1000 மணி நேரம். நான் தினமும் ஒரு மணி நேரம் கேட்பவன். நாலு வருடமாக அதே ஊசி!

புது ஊசி போட்டதும் மற்ற இசைத்தட்டுகள் தெளிந்தன. ஆனால் சோதனைக்கென்று ஆறு மாதமும் நான் திரும்பத் திரும்பப் போட்டது, என் அம்மா வைத்திருந்த எம்.எஸ். சுப்ரபாதம். அதில் மட்டும் சீறல் போகவே இல்லை. தேய்ந்த ஊசி பள்ளத்தின் சுவரையே செதுக்கிவிடும். அதற்கு வைத்தியம் கிடையாது. வேறு பிரதி தேடி வாங்கலாம்தான். அம்மா கைபட்டது இது ஒன்றுதானே?

ஆகவே என் கருத்து இது. முதலில் ஊசி. அடுத்து இசைத்தட்டின் சுத்தம். பிறகு பிளேயர் மட்டமாக நிற்கிறதா என்பது. கடைசியில்தான் மேட். இருக்கிற மேட் நெளியாமல், வெடிக்காமல் இருந்தால் துடைத்து அதையே போடுங்கள். வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் அதே தடிமனில் சாதாரண ரப்பரோ கார்க்கோ போதும்.

மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் தந்த மேட்தான் இன்றும் பிளேயரில் இருக்கிறது. அதன்மேல் எந்தக் குற்றமும் இல்லை, குற்றம் என்மேல்தான்.

போன் செய்த தம்பி, அப்பாவின் இசைத்தட்டைப் போடுவதற்கு முன் ஊசியை மாற்றிவிடு. மாற்றியதும் இங்கே ஒரு வரி எழுது.